வாசலுக்கு வெளியே பிறந்தவர்கள்

மார்ச் 3

அண்ணா,

நீ பழமைவாதி இல்லை. பொய் சொல்லி ஓட்டு வாங்கியிருக்கிறாய்.

நலம் விசாரிப்பது கடைசியில். போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன், கவனித்திருப்பாய். பேசினால் நான் கத்துவேன், நீ "சிக்னல் சரியில்லை" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி இரண்டு பேருக்கும் இல்லை.

எங்கள் பேருந்து நிலையச் சுவரில் உன் தேர்தல் போஸ்டர் இன்னும் இருக்கிறது. "எது எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் எதையும் இடிக்க மாட்டேன்." கீழே கொட்டை எழுத்தில், "உங்கள் பழமைவாதி". நம் வீட்டில் அது வசவு. மாமாவோடு சண்டை வந்தால் அப்பா அந்த வார்த்தையைத்தான் தூக்கி எறிவார். நீ அதைப் பொறுக்கிச் சட்டையில் குத்திக்கொண்டாய். நான் உனக்கு ஓட்டுப் போடவில்லை. ஆனால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நம்பினேன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறவன், புதிதாக எதையும் தராவிட்டாலும் இருப்பதையாவது விட்டுவைப்பான் என்று.

போன வாரம் மாவட்ட மன்றத்தில் எங்கள் பிரசவ வார்டை மூட ஏழு பேர் கை தூக்கினார்கள். ஆறு பேர் எதிர்த்தார்கள். ஏழில் ஒரு கை உன்னுடையது. அந்த வார்டுக்கு எண்பத்தெட்டு வயது. உன் கட்சியைவிட மூத்தது. நீயும் நானும் பிறந்த இடம். ஒன்பது வருடமாக நான் நர்ஸாக வேலை பார்க்கும் இடம். அடுத்த மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். இடுப்புவலி எடுத்தவளுக்கு அது எவ்வளவு நேரம் என்று அண்ணியிடம் கேள்.

இறுதி வாக்கெடுப்பு ஜூன் பத்தாம் தேதி. உன் ஒரு கை இறங்கினால் போதும்.

முழங்கால் வலி குறைந்ததா? அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


மார்ச் 19

என் மிளகாய்க்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் அண்ணியும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைக்கத்தான் முடியும். முழங்கால், ஏணி ஏறும்போது மட்டும் தன் வயதைச் சொல்கிறது.

அந்த வார்த்தையை நீ தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். பழமைவாதி என்றால் பழசையெல்லாம் கட்டிக்கொண்டு அழுகிறவன் இல்லை. உளுத்த உத்தரத்தை மாற்றாமல் விட்டால் கூரை தலையில் விழும். மாற்றத்தான் வேண்டும். முதலில் முட்டுக் கொடுத்துவிட்டு, மெதுவாக. எனக்கு முன்னால் கட்டினவன் முட்டாள் இல்லை என்று நினைத்து வேலையை ஆரம்பிக்கிறவன் பழமைவாதி. அவன் முட்டாள்தான் என்று ஆரம்பிப்பவர்கள் உங்கள் ஆட்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

வார்டு விஷயம் வேறு. வருடத்துக்கு இருநூற்று நாற்பது பிரசவமாவது நடக்காத வார்டில் கைப்பழக்கம் விட்டுப்போகும், தாய்க்கு ஆபத்து என்று வல்லுநர் குழு எழுதியிருக்கிறது. உங்கள் பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு. எங்கள் கட்சித் தலைவர் அந்த அறிக்கையை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். நான் தயங்கினேன், அதைத் தலைவரும் கவனித்தார். கூட்டம் முடிந்த பிறகு தலைவர் என் தோளில் கை போட்டு, "உங்க கஷ்டம் புரியுது" என்றார். வேறு எவரும் அப்படிச் சொன்னதில்லை.

கோபத்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்
அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கமும் வருகிறது. உன் கடிதத்தில் "தலைவர்" மூன்று முறை வருகிறார், தாய் ஒரு முறை வருகிறாள்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டு தப்பு. சரியான எண்ணிக்கை இருநூற்று ஐம்பத்து மூன்று.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம். வாசலைத் தாண்டி உள்ளே வந்து பெற்றவர்கள் மட்டும்தான் பதிவேட்டில் ஏறுவார்கள். யாராவது வீட்டில் வலி எடுத்துக் கூப்பிட்டால் எங்களில் ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு ஓடுவோம். அந்தப் பிரசவம் பதிவேட்டில் வராது. தனியாக ஒரு நீல நோட்டு. பெயர், விலாசம், குழந்தையின் எடை. மறுவாரம் போய்ப் பார்க்க வேண்டுமே, அதற்காக. நான் சேர்ந்த முதல் வாரம் இப்படி ஒரு வீட்டுக்குப் போய்வந்து பதிவேட்டைத் திறந்தேன். கூட வேலை பார்த்தவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"ஏய், அதுல எழுதாதே. அது வாசல் தாண்டினவங்களுக்கு."

"ஏன்?"

"வழக்கம். கேள்வி கேக்கறதுன்னா வக்கீலுக்குப் படிச்சிருக்கலாமே."

போன வருடம் நோட்டில் நாற்பத்தொரு பிரசவம். கூட்டிப் பார். எவளோ ஒருத்தியின் வறட்டு கௌரவம், "என் வார்டுக்குள் வராததெல்லாம் பிரசவமா" என்று. அதை வழிவழியாகக் காப்பாற்றினோம். கடைசியில் அதுவே வார்டின் கழுத்தைப் பிடிக்கிறது. உன் அருமையான வழக்கம் எப்படி இருக்கிறது பார்.

நோட்டை அனுப்பினால் மன்றத்தில் சொல்வாயா?

தங்கை


ஏப்ரல் 9

மிளகாய்,

சுகம். நீயும் சுகம் என்று உன் கோபமே சொல்கிறது.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை? எண்ணிக்கை மாறினால் பேச்சே மாறும். நான் எழுந்து பேசுவேன், சத்தியமாக.

ஆனால் ஒன்று. அந்த நோட்டு ஏன் தனியாக இருக்கிறது என்று யாரிடமாவது கேட்டாயா? வறட்டு கௌரவம் என்று நீயாகச் சொல்கிறாய். ஒரு வீட்டில் நடுக்கூடத்தில் அசிங்கமாக ஒரு தூண் நிற்கும். வீட்டுக்காரர், "எடுத்துடுங்க, இடிச்சுக்குது" என்பார். மேலே ஏறிப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கும். கேட்டுவிட்டு அனுப்பு. நாலு நாள் தாமதமானால் குடி முழுகாது.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

அண்ணிக்கும் உனக்கும் நலம் வேண்டுகிறேன். நோட்டு இதோடு பதிவுத் தபாலில் வருகிறது.

யாரிடம் கேட்பது? ஆரம்பித்தவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள். எனக்கு அன்று பதில் சொன்னவள் ஓய்வு பெற்று மகளோடு கடல் கடந்து போய்விட்டாள். உங்கள் ஆட்களின் தந்திரமே இதுதான். ஒரு அநியாயத்தைத் தொடப் போனால், "இரு, இது ஏன் வந்ததுன்னு யோசி" என்பீர்கள். யோசித்து முடிப்பதற்குள் ஒரு தலைமுறை போய்விடும்.

நீயே எழுந்து எண்ணிக்கையைச் சொல். நாற்பத்தொன்று, அவ்வளவுதான். நோட்டு சாட்சிக்கு உன் கையில் இருக்கட்டும், யாரிடமும் கொடுக்காதே. பிரசவம் பார்த்த விவரம், உன்னை நம்பி அனுப்புகிறேன்.

தங்கை


மே 20

அண்ணா,

நலமா? ஐந்து வாரமாகப் பதில் இல்லை. எண்ணைத் திறந்து மூன்று நாளாகப் போனும் செய்துவிட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால் இது.

நோட்டைத் திருப்பி அனுப்பு. மன்றத்தில் எதுவும் சொல்லாதே. இப்போதே, இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு.

எங்கள் வார்டுத் துணிகளைத் துவைக்கும் சலவைக்கூடத்திலிருந்து ஒருத்தி தினமும் விரிப்புகள் கொண்டுவந்து அலமாரியில் அடுக்குவாள். போன வருடம் அவளுக்கு நான்தான் பிரசவம் பார்த்தேன், அவளும் இன்னும் மூன்று பெண்களும் தங்கும் அறையில். புதன்கிழமை அடுக்கும்போது நின்றாள்.

"நர்ஸம்மா, இந்தத் தட்டுல நீல நோட்டு இருக்குமே, காணோமே?"

பெருமையாகச் சொன்னேன். "எங்க அண்ணனுக்கு அனுப்பியிருக்கேன். உங்களையெல்லாம் சேர்த்தா கணக்கு தேறிடும், வார்டு தப்பிச்சிடும்."

விரிப்புகளைக் கீழே வைத்தாள். "என் பேர் அதுல இருக்குதா?"

"இருக்கு."

"ரூம் விலாசம்?"

"இருக்கு."

"அடிப்பாவி," என்றாள். அதுவரை என்னை "வாங்க, போங்க" தவிர வேறு மாதிரி பேசாதவள்.

அவர்கள் வெளிநாட்டிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள். பிள்ளை பெற்றால் சீட்டு ரத்து, ஒரு மாதத்தில் வெளியேற வேண்டும். எங்கள் பதிவேட்டின் நகல் மாதாமாதம் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறது. அது எனக்கும் தெரியும், நானே உறையில் போட்டு ஒட்டியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து ஒரு நாளும் நினைத்ததில்லை.

"வண்டி கிடைக்காமலா நாங்க ரூம்ல பெத்தோம்? உன் வார்டுக்கும் எங்க ரூமுக்கும் ரெண்டு தெரு! வலியோட நடந்துகூட வந்திருப்போம். உள்ளே வந்தா எழுதிடுவீங்கன்னுதானே பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கிடந்தோம். உங்களுக்குத் தெரிஞ்சுதான் தனியா எழுதறீங்கன்னு நினைச்சோமே."

நாற்பத்தொன்றில் பதினாறு பேர் அப்படி. அந்த வழக்கத்தை ஆரம்பித்தவள் யாரோ, அவளுக்கு இது தெரிந்திருக்கிறது. ஒன்பது வருடம் அந்த அறைகளுக்குப் போய், தரையில் மண்டியிட்டு, தொப்புள்கொடி வெட்டி, எடை பார்த்தேன். ஏழைகளைப் பற்றி உனக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறவள் நான். இரண்டு தெரு தூரத்தை ஏன் நடக்கவில்லை என்று ஒருத்தியிடமும் கேட்கவில்லை.

நீ கேட்கச் சொன்னாய். நான் கேட்கவில்லை. என் தப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன், போதுமா?

நோட்டு.

தங்கை


மே 27

அன்பு மிளகாய்க்கு,

நாங்கள் நலம். நீ நலமா? வேலை அதிகமா? சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அண்ணிக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். இப்போது பரவாயில்லை. இங்கே ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் மாடிப்படி வேலை நடக்கிறது. நூற்றுப் பத்து வருட மரம், ஒரு ஆணி இல்லை, எல்லாம் முளை அடித்துப் பொருத்தியது. இரண்டு படி மட்டும் உளுத்திருக்கிறது. அதே மாதிரி மரம் தேடி அலைகிறேன். கிடைக்கவில்லை. பார்த்தால் உனக்கும் பிடிக்கும். அண்ணி புதுத் திரைச்சீலை தைத்திருக்கிறாள், பச்சை. மழை வரும் போலிருக்கிறது, வரவில்லை.

போன் கெட்டுப்போயிருந்தது.

நோட்டு பத்திரமாக இருக்கிறது. கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 12

அண்ணா,

நலமாகத்தான் இருக்கிறாய். நேற்று முன்தினம் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தேன். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய்.

உன் தலைவர் நீல நோட்டைத் தூக்கிக் காட்டினார். என் கையெழுத்து இருக்கும் பக்கத்தைத் திறந்து, வேலை நேரத்தில் வார்டை விட்டுப் போய், சட்டத்துக்குத் தெரியாமல், பதிவேட்டில் ஏற்றாமல் நடத்திய பிரசவங்கள் என்றார். எதிர்த்து நின்ற ஆறு பேரில் நான்கு பேர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பதினொன்றுக்கு இரண்டு. மாதக் கடைசியில் வார்டு மூடல். விசாரணை முடியும்வரை நான் வேலைக்கு வரக்கூடாது. நோட்டு அன்றே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டதாம்.

நீ மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கை தூக்கும் நேரம் வந்தது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டுத் தூக்கினாய்.

நேற்று சலவைக்கூடத்தில் நான்கு பேருடைய சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விரிப்பு கொண்டுவருபவளும் அதில் ஒருத்தி. அறைக்குப் போனேன், கதவைத் திறக்கவில்லை. உள்ளே குழந்தை அழுதது. அந்தக் குரல் எனக்குத் தெரியும், முதல் அழுகையே நான் கேட்டதுதான்.

எப்படி அவர் கைக்குப் போனது? சுற்றி வளைக்காமல் எழுது. மாடிப்படி வேண்டாம்.

தங்கை


ஜூன் 30

தங்கைக்கு,

நலம் கேட்க எனக்கு வாய் இல்லை.

நோட்டு வந்தது ஏப்ரல் இருபதாம் தேதி. இருபத்தோராம் தேதி தலைவரிடம் கொடுத்தேன். "யாரிடமும் கொடுக்காதே" என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். மன்றத்தில் எது பேசுவதென்றாலும் முதலில் அவரிடம் காட்டுவது முறை. முறைப்படி போனால் அவரே எண்ணிக்கையை ஒப்புக்கொண்டு தீர்மானத்தை வாபஸ் வாங்குவார், யாருக்கும் தலைகுனிவு இருக்காது என்று நினைத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார். "நல்ல வேலை செஞ்சீங்க" என்றார். நான் என்ன வேலை செய்தேன் என்று அன்று புரியவில்லை. நீ மே மாதம் எழுதின கடிதம் வந்ததும் புரிந்தது. திருப்பிக் கேட்கப் போனேன். அவர் அறை வாசலில் பத்து நிமிடம் நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வந்துவிட்டேன்.

ஏன் திரும்பினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்ததும் நாங்கள் பின்னறையில் ஒரு நீளமான மேசையில் உட்கார்ந்து தேநீர் குடிப்போம். டாக்டர், வக்கீல், கல்லூரி முதல்வர், நான். முப்பது வருடம் இவர்களுடைய வீடுகளில் பின்கட்டு வழியாகப் போய் வேலை செய்தவன். அங்கே நான் நுழைந்தால் ஒருவர் நகர்ந்து நாற்காலி தருவார். எதிர்த்துப் பேசினால் யாரும் திட்டமாட்டார்கள். நாற்காலியும் தரமாட்டார்கள். நான் காப்பாற்றின பழமை அதுதான். மற்றதெல்லாம் போஸ்டர்.

உனக்கு எழுதின அர்த்தத்தை நான் இன்னும் நம்புகிறேன். அதுதான் கேவலம்.

அண்ணன்


ஜூலை 5

அண்ணா,

நான் நலம். நீ சாப்பிடுவதில்லை என்று அண்ணி போனில் அழுதாள். சாப்பிடு. பட்டினி கிடந்து யாருக்கு என்ன லாபம்?

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். மன்னிக்கிறேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. திட்டலாம் என்று பார்த்தேன், அதற்கும் எனக்கு யோக்கியதை இல்லை. கொடுத்தவன் நீ. எழுதி, கட்டி, தபால் தலை ஒட்டி அனுப்பினவள் நான். அந்தப் பெண்கள் நம்பினது என்னை, உன்னை இல்லை.

அதனால் அழுகையை ஒத்திவைத்துவிட்டுக் கேள். கூலி வாங்காமல் வாதாடும் ஒரு வக்கீலம்மா கிடைத்திருக்கிறாள். பதினெட்டாம் தேதி தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. நான்கு பேருடைய சீட்டுக்கும், வரிசையில் நிற்கும் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து. அலுவலகத்திடம் வேறு சாட்சி கிடையாது, அந்த நோட்டு மட்டும்தான். அது ஒரு நர்ஸ் நம்பிக்கையில் அனுப்பின மருத்துவக் குறிப்பு, அனுமதி இல்லாமல் கைமாறியது என்று கைமாற்றினவரே வந்து சொன்னால் அதைச் சாட்சியாக எடுக்க முடியாது என்கிறாள். நான் சொன்னால் செல்லாது, நான் குற்றம் சாட்டப்பட்டவள். உன் தலைவர், நோட்டு தானாகத் தன்னிடம் வந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நீ சொன்னால் கட்சி உன்னை வைத்திருக்காது. அந்த மேசையும் போகும். தெரிந்துதான் கேட்கிறேன்.

பேருந்தில் வந்து இறங்கு, நானே நிலையத்துக்கு வருகிறேன். வருவதாக ஒரு வரி எழுது.

தங்கை


ஜூலை 19

அண்ணா,

நலமா என்று கேட்கவில்லை. நலமாக இருக்கிறாய் என்று அண்ணியிடம் தெரிந்துகொண்டேன். "உன் லெட்டரைப் பையிலயே வெச்சுக்கிட்டு வேலைக்குப் போறார், வர்றார். பிரிச்சுப் படிச்சிட்டார். அதுக்கப்புறம் என்கிட்டகூடப் பேசலை" என்றாள்.

நேற்று ஒன்பது மணியிலிருந்து பேருந்து நிலையத்தில் நின்றேன். உன் ஊர்ப் பேருந்துகள் மூன்று வந்தன. பிறகு விசாரணைக்கு ஓடினேன்.

அது சின்ன அறை. பழுப்பு நிற மேசை, சுழலாத மின்விசிறி, சுவரோரம் ஒரு பெஞ்சு. நான்கு பேரும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி, "சாட்சி வந்திருக்காரா?" என்று இரண்டு முறை கேட்டார். வக்கீலம்மா, "வந்துக்கிட்டு இருக்கார்" என்று பொய் சொன்னாள். விரிப்பு கொண்டுவருபவள் என்னைப் பார்த்து, "வருவாரா உங்க அண்ணன்?" என்றாள். மறுபடியும் "உங்க" என்று பேசினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வருவார் என்றேன்.

ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கிறார்கள். இன்னொரு தவணை கிடையாதாம்.

என்னிடம் வருந்தி எழுதாதே. நாற்காலியைப் பற்றி எழுதாதே. நீ எவ்வளவு கெட்டவன் என்று எனக்கு எழுதுவதும் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற வேலைதான். பதினாறு பெண்களுக்கு உன் வருத்தம் வேண்டாம், உன் வாய் வேண்டும். இரண்டே வாக்கியம்: "நோட்டு என்னிடம் நம்பிக்கையில் வந்தது. நான்தான் கொடுத்தேன்."

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, இரண்டாம் மாடி, இடது பக்கம் கடைசி அறை. வந்து சொல்.

தங்கை